கடைசியாக எடுத்த வேல்

போன மாதம் சிரம்பானிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்யும் சங்கம் ஒன்றில் இருக்கிறாளாம். புதிதாகச் சேர்ந்த தொண்டர்களுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். "அந்தக் காலத்துல எஸ்டேட்ல யாருமே வாயத் தொறக்காத விஷயத்த நீங்க தைரியமா பேசுனீங்களாமே மிஸ்ஸி, அந்தத் தைரியத்தப் பத்திச் சொல்லுங்க" என்றாள். அவள் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும் என்று காட்டினாள். எங்கள் நாளில் அந்த இருபது நிமிடத்தில் ஊசிதான் வெந்தது. ரத்த முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. பேசினால் பயத்தைப் பற்றித்தான் பேசுவேன், சம்மதமா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். கூட்டத்துக்குப் போனேன், பேசினேன், பாதிதான் சொன்னேன். மீதியை மைக்கில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பகாவில் பிறந்தவள். கிறிஸ்தவக் குடும்பம். எழுபதுகளில் பயிற்சி முடிந்த கையோடு கோலா சாவா பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்; ரப்பரைத்தான் கித்தா என்போம். எட்டுக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மருந்து அலமாரி, முன்னால் ஒரு நீள பெஞ்சு. நர்ஸுகளைத் தோட்டத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மேரி என்ற பெயரே எனக்கு மறந்துபோகும் அளவுக்கு மிஸ்ஸி ஆகிவிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் குரியன் டிரசர். தோட்டத்துக்கு டாக்டர் வாரம் ஒரு நாள்தான் வருவார். மற்ற ஆறு நாளும் டிரசர்தான் டாக்டர். மலையாள வாசனை அடிக்கும் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அதுதான் எனக்குப் பெரிய பயம். அப்போது கண்ணாடி சிரிஞ்சு. ஊசி மழுங்கினால் எண்ணெய்க்கல்லில் தீட்டித் திரும்பவும் அதையே போடுவோம். ஒவ்வொரு முறையும் பாகங்களைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் அலசி, ஊசித் துளைக்குள் கம்பி விட்டுக் குத்தி, துணி விரித்த தட்டில் அடுக்கி, கொதிக்கிற தண்ணீருக்குள் இறக்க வேண்டும். டிரசர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைப்பார். தண்ணீர் சூடானதிலிருந்து எண்ணக் கூடாது. குமிழி குதித்து, மூடி தடதடக்க ஆரம்பித்த பிறகுதான் கணக்கு. இருபது நிமிடம். நடுவில் மூடியைத் திறந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு நாள் காய்ச்சல் ஊசிக்கு வாசல் தாண்டி வரிசை நின்றது. பிள்ளைகள் அழுதன. பால் வெட்டிவிட்டு வந்த பொம்பளைகள் பசியாறாமல் நின்றார்கள். நான் பன்னிரண்டாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து ஊசியை எடுத்துவிட்டேன். பின்னால் டிரசர் நின்றிருக்கிறார். என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, எல்லாவற்றையும் திரும்பத் தண்ணீரில் போட்டு, மூடியை மூடினார். வரிசை முழுவதும் இன்னும் இருபது நிமிடம் நின்றது. என்னைத் திட்டியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. எல்லாரும் போன பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேரி, நீ வரிசையக் கண்டு பயந்துட்ட. கண்ணுக்குத் தெரியுறதுக்குப் பயப்படாத. தெரியாததுக்குப் பயப்படு." பத்து வருடத்துக்கு மேல் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது அந்தக் கைக்கடிகாரத்தை அடுப்புப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனார். புது டிரசரை நிர்வாகம் போடவில்லை. ஆஸ்பத்திரி என் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் வெள்ளம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குள் ஆறு புகுந்தது. ஆற்றோரம் இருந்த இரண்டு வரிசை வீடுகள் போய்விட்டன. தமிழ்ப்பள்ளியின் மேல்மாடியில் அத்தனை குடும்பங்களும் ஒண்டிக் கிடந்தோம். தங்கவேலு என்று ஒருவர், வேலை நாளில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், கோயில் நாளில் சுப்பிரமணியர் கோயில் பூசாரி. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளை முதுகில் சுமந்து கொண்டுவந்து சேர்த்தது அவர்தான். அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரியின் இருபது வயதை எட்டிய ஒரே மகன் சேகரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பகல் முழுக்க அவன் ஒரு கித்தா மரக் கவட்டையில் தொங்கிக்கொண்டிருந்தான். மாடியில் நின்று அஞ்சலை கத்தினாள்: "முருகா, எம்புள்ளயக் குடு. ஒன் கோயில் வேல அவன் கன்னத்துல குத்தி காவடி எடுக்க வெக்கிறேன்." பிள்ளை பிழைத்து வந்தான்.

எங்கள் சங்கம் அங்கேதான் பிறந்தது. அரிசி பருப்பு பங்கு போடத்தான் கூடினோம். பள்ளித் தலைமையாசிரியர், ரந்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காசிம் பாய், தங்கவேலு, நான், இன்னும் ஓரிருவர். வெள்ளம் வடிந்தும் பால்வெட்டு பல மாதம் நின்றுபோனது. இளவட்டங்கள் வேலை தேடி லாரிக்கும் டவுனுக்கும் போனார்கள். போனவர்களில் சிலர் வெள்ளைத்தூள் போதையோடு திரும்பி வந்தார்கள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டதும் அதைக் கூட்டத்தில் சொன்னேன். அரிசி கொடுத்த சங்கம் எய்ட்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தது இப்படித்தான். ஆணுறைப் பொட்டலங்களை முடிவெட்டும் கடையில் ஒரு மைலோ டின்னில் வைத்தோம். டின் காலியாகும், யார் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. காசிம் பாய், "அதெல்லாம் என் கடையில வெக்க முடியாதுலா மிஸ்ஸி, பேப்பர் மட்டும் குடுங்க, கை கழுவுற எடத்துல ஒட்டுறேன்" என்றார். ஒட்டவும் செய்தார்.

ரத்தம் சோதிக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. முதலில் என் ரத்தத்தைக் கொடுத்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துதான் கொடுத்தேன். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை வருடம் எத்தனை ஊசி என் விரலில் குத்தியிருக்கிறது. அந்த நாட்களில் என் டம்ளரை வீட்டில் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்தேன். டம்ளரால் ஒட்டாது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அந்த டம்ளரை மறுபடி மற்றவற்றோடு வைத்தபோது வெட்கமாக இருந்தது.

சேகர் டவுனிலிருந்து திரும்பி வந்தபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. சட்டை தோளில் தொங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் அனுப்பினோம். வாரம் ஒரு நாள் வரும் டாக்டர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உனக்குத்தான் அவனைத் தெரியும், நீயே சொல் என்றார். சொன்னேன். சேகர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்ஸி. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"என் வாயிலேருந்து வராது" என்று என் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

சத்தியம் ஏன் பெரிதென்றால், பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்போதுதான் ஒரு குடும்பத்தை விரட்டியிருந்தார்கள். மகனுக்கு இந்த நோய் என்று எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை, பாயையும் தலையணையையும் இழுத்துப்போட்டுக் கொளுத்தினார்கள். ஒரே வாரத்தில் அந்தக் குடும்பம் லாரி ஏறிப் போய்விட்டது. சேகர் விஷயம் வெளியே வந்தால் அஞ்சலைக்கும் அதே கதிதான். எங்களிடம் ரத்தம் கொடுக்க அதன் பிறகு ஒரு ஈ காக்கை வராது.

திருவிழா வந்தது. மூன்று வருடமாகத் தள்ளிப்போன நேர்த்தியை இந்த வருடம் செலுத்தியே ஆக வேண்டும் என்று அஞ்சலை பிடிவாதம் பிடித்தாள். மகன் மெலிந்துகொண்டே போவதே முருகன் கோபத்தால்தான் என்பது அவள் கணக்கு. சேகர் என்னிடம் ஓடி வந்தான்; மறுத்தால் அம்மா காரணம் கேட்பாள், குத்திக்கொண்டால் அதே வேல் அடுத்தவனுக்குப் போகும் என்றான்.

எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. யாரும் சொந்த வேல் கொண்டுவந்து குத்திக்கொள்ளக் கூடாது. முதல் கங்காணி ஊரிலிருந்து கொண்டுவந்த கோயில் வேல்தான். இருந்தது மூன்று. காவடி எடுப்பவர்கள் ஒன்பது பத்துப் பேர். ஆற்றங்கரையில் மூன்று பேருக்குக் கன்னத்தில் குத்துவார்கள். அவர்கள் நடந்து கோயிலுக்குப் போனதும் வேலை எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, மோட்டார்சைக்கிளில் கரைக்குத் திருப்பி அனுப்புவார்கள். எலுமிச்சம்பழத்தில் துடைத்து, திருநீறு தடவி, அடுத்த மூன்று பேர்.

நான் தங்கவேலுவிடம் போனேன். பொதுவாகக் கேட்பதுபோல, "மண்டோர், இந்த வருஷம் வேல ஒவ்வொரு வாட்டியும் கொதிக்க வெச்சுக் குத்தலாமே. அடுப்பு நான் கொண்டாறேன்" என்றேன்.

"ஒங்க சட்டியிலயா?" என்றார்.

"ஆமா."

"மிஸ்ஸி, நான் கொற சொல்லல. அந்தச் சட்டியில ஊரு பூராவோட சீழும் ரத்தமும் வெந்திருக்கு. அதுல சாமி வேலப் போடச் சொல்றீங்க. நாப்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறவன் நானு." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "இத்தன வருஷம் கேக்காதவங்க இப்ப ஏன் கேக்குறீங்க? யாருக்காச்சும் ஏதாச்சும் இருக்கா?"

இன்னொரு வார்த்தை பேசினால் அவர் யோசிக்க ஆரம்பிப்பார். காவடி எடுப்பவர்களில் யார் மெலிந்திருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணினால் போதும். சும்மா கேட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

வழியில் எனக்கு ஒரு புத்தி வந்தது. என் புத்தி. சேகரைக் கடைசி ஆளாகப் போட்டுவிட்டால்? அவனுக்குப் பிறகு யாருக்கும் குத்து இல்லை. வேலைக் கழுவிப் பெட்டியில் வைத்தால் அடுத்த வருடம்தான் வெளியே வரும். தங்கவேலுவிடம், அவனுக்கு உடம்பு தளர்ச்சி, வெயில் தாழ்ந்து நடக்கட்டும் என்றேன். அதற்கு அவர் உடனே சம்மதித்தார். சேகரிடம் சொன்னேன்.

"எனக்குப் பொறவு யாருக்கும் போவாதே மிஸ்ஸி?"

"போகாது. நான் பாத்துக்கறேன்" என்றேன். சூரப்புலி மாதிரிச் சொன்னேன்.

திருவிழா அன்று கரையில் என் மருந்து மேசையோடு நின்றேன். ஒவ்வொரு முறை தாம்பாளம் திரும்பி வரும்போதும் வரிசையை எண்ணினேன். சேகர் கடைசிதான். அவனுக்குக் குத்தும்போது முகம் சுளிக்கவில்லை. அஞ்சலை தரையில் விழுந்து கும்பிட்டாள். வழக்கமாக அதோடு என் வேலை முடியும், சாமான்களைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். கோயிலுக்குள் நடக்கும் கடைசிப் பூசையை நான் ஒரு வருடம்கூடப் பார்த்ததில்லை. அன்று மட்டும், வேல் பெட்டிக்குள் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று பின்னாலேயே நடந்தேன்.

சன்னதி முன்னால் தங்கவேலு சேகரின் கன்னத்திலிருந்து வேலை உருவினார். எங்கள் கோயிலில் வேல் எடுத்தால் ரத்தம் வராது என்று பெருமையாகச் சொல்வார்கள். சேகருக்கு வந்தது. தாடையில் வழிந்து மார்பில் சொட்டியது. தங்கவேலு திருநீற்றை அள்ளி அப்பினார். வேலை எலுமிச்சம்பழத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். பெட்டியில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சன்னதியைப் பார்த்துத் திரும்பி நின்று நாக்கை நீட்டினார். மேளம் வேகம் பிடித்தது.

பக்கத்தில் நின்ற பொம்பளையிடம், "என்ன பண்றாரு?" என்றேன்.

"வெள்ளத்துல பூசாரிக்குன்னு இருந்த கோயில் வேலு போச்சுல மிஸ்ஸி. புள்ளைங்களத் தூக்கப் போனப்ப வீட்டுலயே விட்டுட்டாரு. அப்பலேருந்து கடைசியா எடுத்த வேலத்தான் அவரு நாக்குல குத்திக்கிறாரு. அதுக்கப்புறந்தான் கொடி எறங்கும்."

மூன்று வருடமாக இது நடந்திருக்கிறது. கோயிலுக்குள் வராத எனக்குத் தெரியாது. டவுனில் கிடந்த சேகருக்கும் தெரியாது. நான்தான் அவனைக் கடைசியில் நிறுத்தினேன். அந்த ரத்தம் காயாத வேலை அந்த மனிதரின் நாக்குக்கு நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

கத்தினால் சேகர் போனான், அஞ்சலை போனாள், என் சத்தியம் போனது. கத்தாவிட்டால் தங்கவேலு. என் வாய் திறந்தது, எனக்குத் தெரியும். அந்த நேரம் சேகர் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரே எட்டில் போய்த் தங்கவேலுவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாங்கய்யா. என் ரத்தத்துல எய்ட்ஸ் இருக்கு."

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அஞ்சலை மட்டும் முன்னால் வந்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. முந்தானையைச் சுருட்டி மகன் வாயைத் துடைத்தாள். வெறும் கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அருகில் போக மூன்று எட்டுதான். அதற்குள் என் கை பையில் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தது.

தங்கவேலு வேலைத் தாம்பாளத்தில் வைத்தார். என்னைப் பார்த்தார். "அன்னிக்குக் கேட்டது இதுக்குத்தானா" என்றார். அவர் சன்னதி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். "இந்த வருஷம் முருகனுக்கு என் நாக்கு வேணாமாம். கொடிய எறக்குங்க" என்றார்.

மறுநாளே காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் அஞ்சலைக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. குழாயடியில் அவள் வாளியைக் காலால் தள்ளிவிட்டார்கள். நானும் தலைமையாசிரியரும் காசிம் பாயும் லயத்தில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினோம். பேச்சு எடுபடவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் அஞ்சலை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, சேகர் குடித்து வைத்த டம்ளரில் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி, லயமே பார்க்கக் குடித்தேன். இதைத்தான் இப்போது தைரியம் என்கிறார்கள். டம்ளர் என் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காசிம் பாய்க்கு அது கேட்டது. அவர் தனக்கும் ஒரு டம்ளர் கேட்டார். சில நாள் கழித்துத் தங்கவேலுவும் வந்து குடித்தார். குழாயடி மெல்ல மெல்லச் சரியாயிற்று. முழுதாகச் சரியானது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு ஆள் வர ஆரம்பித்தது. லாரிப் பையன்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள், டவுனுக்குப் போய்வரும் புருஷன்களின் மனைவிமார். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மிஸ்ஸி, வெளியில சொல்ல மாட்டீங்கல்ல?"

அடுத்த திருவிழாவுக்கு முதல் நாள் தங்கவேலு ஆஸ்பத்திரிப் படியேறி வந்தார். ஒரு கையில் வேல் தாம்பாளம். இன்னொரு கையில் சிரம்பானில் வாங்கிய புத்தம்புதுச் செம்புச் சட்டி, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தது.

"இது கோயில் சட்டி. இதுல வேற எதுவும் வேகக் கூடாது. எத்தன நிமிஷம் மிஸ்ஸி?"

ஒரு புதுச் சட்டி. அது போன வருடம் என் மண்டையில் ஏறவில்லை பாருங்கள். நாளைக்குக் கரையில் ஒவ்வொரு வாட்டியும் இப்படியே செய்ய வேண்டும், அதனால் இன்றே பழகிக்கொள்ள வந்தேன் என்றார். அடுப்பைப் பற்றவைத்தேன்.

சேகர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அதற்குள் அவனால் நடக்கவே முடியாமல் போயிருந்தது, அஞ்சலைதான் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விடுவாள். நேரம் பார்க்கும் வேலையை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். குரியன் டிரசரின் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூடி தடதடக்கக் காத்திருந்து எண்ண ஆரம்பித்தான். தங்கவேலு வெளியே போய் நின்றார். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒரு வருடமாகக் கேட்க முடியாததைக் கேட்டேன்.

"ஏன்டா சேகர் நீயே சொன்ன?"

அவன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க வாயத் தொறந்தத பாத்தேன் மிஸ்ஸி. மண்டோரக் காப்பாத்த நீங்க சொல்லிருவீங்கன்னு தெரிஞ்சிச்சு. நீங்க சொன்னா, மிஸ்ஸி வாக்க மீறிட்டாங்கன்னு ஆயிடும். பொறவு எவன்லா ஒங்ககிட்ட வந்து ரத்தம் குடுப்பான்? நான் போற ஆளு. நீங்க இருக்கணும்ல."

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து மருந்து அலமாரியைத் துடைக்கப் போய்விட்டேன். இருபது ஆச்சு என்று அவன் சொன்னதும் வந்து மூடியைத் திறந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் சேகர் இறந்துபோனான். அவன் உடம்பைக் குளிப்பாட்டியது தங்கவேலுவும் நானும்தான். அப்போதும் நான் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவன் பார்த்த அன்று என் வாய் சொல்லத் திறக்கவில்லை. பயத்தில்தான் திறந்தது. உள்ளே ஒரு வார்த்தைகூட இல்லை.